தொண்ணூறு நாளுக்கு மேற்பட்டவை

இரவு ஒன்றே முக்காலுக்கு
டிஸ்க்கில் இடமில்லை என்று சொல்லி
எடிட்டிங் நின்றுவிட்டது.
மணமகள் மாலையைத் தூக்கியபடி நிற்கிறாள்.
கெலமங்கலத்துக் கல்யாணம், காலையில் டெலிவரி.
கீழே இராயக்கோட்டை மண்டியில்
லாரிக்குத் தக்காளி ஏற்றுகிறார்கள்.
பெட்டி ஒன்று விழும்போதெல்லாம்
என் மானிட்டர் லேசாக நடுங்கும்.

கேஷ் என்றால் பணம் என்றுதான்
முதலாளி முனிரத்தினம் நினைத்திருந்தார்.
"கேஷை எல்லாம் அழிச்சுட்டேன் அண்ணே" என்று
ஒருமுறை போனில் சொன்னதற்குப்
பாலக்கோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார்.
நறுக்கி வைத்த வெங்காயம் மாதிரி, என்றேன்.
முழு வெங்காயம் மூட்டையில் இருக்கும்.
நறுக்கினதைக் கொட்டினால் நஷ்டமில்லை.
மறுபடி நறுக்கணும், கண் எரியும், அவ்வளவுதான்.

அன்றைக்கு அது உண்மைதான்.

ஃபோல்டரைத் திறந்தேன். அறுபத்தொரு ஜிபி.
பெயரெல்லாம் எண்ணும் கோடும்.
யார் வீட்டு விசேஷம் என்று எதிலும் இல்லை.
தொண்ணூறு நாளுக்கு மேற்பட்டவற்றை
நீக்கிவிடவா என்று ஒரு கட்டம் கேட்கிறது.
டிக் போட்டு அழுத்த வேண்டியதுதான்.

சாலம்மா ஞாபகம் வந்தது.

மாசியில் வந்தாள்.
மகள் காதுகுத்துக்குக் கொடுத்த பென்டிரைவ்
கெட்டுவிட்டதாம், இன்னொரு காப்பி வேண்டுமாம்.
குழந்தையை மடியில் வைத்திருந்த தம்பி
தொப்பூர் கணவாய் இறக்கத்தில்
பிரேக் பிடிக்காத டேங்கருக்கு
முன்னால் போன வண்டியில் இருந்திருக்கிறான்.
"மைக்கில பேசினான்ல, அந்தப் பேச்சு வேணும்."

ஆறு மாதத்துக்கு மேல் ஒரிஜினல் வைப்பதில்லை.
ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது.
அந்த டிஸ்க்கின் மேல் அதற்குள்
பதினேழு கல்யாணம் எழுதியாகிவிட்டது.
புராஜெக்டைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு.
மீடியா இல்லை என்பதை
எத்தனையோ மொழியில் சொன்னது,
தமிழில் மட்டும் சொல்லவில்லை.

கேஷில் தேடினேன்.
ஸ்லோமோஷன் போட்டு ரோஜா உதிரவிட்ட
ஒன்பது நொடி மட்டும் வெந்து கிடந்தது.
குழந்தை வாய் திறக்கிறது,
அவன் அதன் கண்ணைப் பொத்துகிறான்,
இதழ் விழுகிறது.
நான் சேர்த்த இதழ்.
அன்றைக்கு அங்கே ரோஜாவே இல்லை.
சத்தமும் இல்லை.

சத்தத்துக்கென்று இருந்தது ஒரு குட்டி ஃபைல்.
ஆடியோவின் மேடு பள்ளத்தை வரைய
மென்பொருள் தனக்காகக் குறித்து வைத்த கணக்கு.
குரல் எவ்வளவு உயரம் போனது என்று தெரியும்,
என்ன சொன்னது என்று தெரியாது.
அரைநாள் மெனக்கெட்டு
அதைத் திரையில் வரைய வைத்தேன்.

சாலம்மா கிட்டே வந்தாள்.
பச்சைக் கோடு தாழ்ந்து தாழ்ந்து போய்
ஓரிடத்தில் குபீரென எழுந்து அடங்கியிருந்தது.
நகத்தை அங்கே வைத்தாள்.
"இங்கதான் சிரிச்சிருப்பான்.
ரெண்டு வார்த்தைக்கு ஒரு சிரிப்பு, அவனுக்கு."

மைக்கை யாரோ தட்டிய சத்தமாகவும் இருக்கலாம்.
நான் சொல்லவில்லை.
ஒன்பது நொடியையும் கோட்டின் படத்தையும்
போனில் ஏற்றிக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை என்பதை
முனிரத்தினத்திடம் சொல்லவில்லை.

மணி இரண்டே கால்.
ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்க நேரமில்லை,
பார்க்காமல் அழிக்கக் கை வரவில்லை.
கடைசியில் அந்த இரண்டு ஃபைலை மட்டும்
வெளியே இழுத்துப் போட்டு
'சாலம்மா தம்பி' என்று பெயர் வைத்தேன்.
அவன் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.
மீதியை அழித்தேன்.

மணமகள் கையை இறக்கி மாலையைப் போட்டாள்,
திக்கித் திக்கி.
முதலிலிருந்து நறுக்கிக்கொண்டிருக்கிறது.
கீழே லாரி கிளம்பும் சத்தம்.